கேள்விச் செல்வமும் மெதுவான இணைப்பும்: கண்டிப் பிரதேசத்தின் ஒலிவழிக் கல்வி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

திருக்குறளின் அதிகார வைப்பு முறையை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்து உடனடியாகவே கேள்வி என்னும் அதிகாரத்தை வள்ளுவர் அமைத்துள்ளார். ஏட்டைப் பயின்று பெறும் அறிவுக்கு நிகராக, அறிந்தோர் வாய்மொழியைச் செவிமடுத்துப் பெறும் அறிவும் நம் முன்னோரால் மதிக்கப்பெற்றது என்பதற்கு இவ்வைப்பு முறையே போதிய சான்றாகும். அச்சுயந்திரத்தின் வருகையோடு கேள்வி பின்தள்ளப்பட்டதாயினும், இருபதாம் நூற்றாண்டில் வானொலியும் ஒலிநாடாவும், அவற்றைத் தொடர்ந்து இணையமும் அதற்குப் புத்துயிர் அளித்துள்ளன.

இணையத்தில் தொடர்களாக வெளியிடப்பெறும் ஒலிப்பதிவுகளைக் கேட்போர் தத்தம் கருவிகளில் இறக்கி வைத்து, விரும்பிய வேளையிற் கேட்கும் முறை இன்று 'பொட்காஸ்ட்' எனப்படுகின்றது. 'வலையொலி' என்ற தமிழ்ச் சொல்லும் இப்பொழுது வழக்குக்கு வந்துள்ளது. விரைவான இணைப்பு வாய்த்தோர்க்கு இத்தகைய ஒலிப்பதிவைத் தரவிறக்குதல் ஒரு பொருட்டன்று. ஆனால் மலைகளுக்கிடையே பள்ளத்தாக்கில் வாழ்வோர்க்கும், மாத முடிவில் 'ரீலோட்' செய்யப் பணம் எண்ணிப் பார்ப்போர்க்கும் அது பொறுமையைச் சோதிக்கும் ஒரு தொழிலாகவே நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

இணைப்பின் மெதுவான போக்கை வெறுங் குறைபாடாக மாத்திரம் கொள்வதே பொதுவான வழக்கம். கண்டிப் பிரதேசத்தின் அனுபவத்தை வரலாற்று முறையில் நோக்குமிடத்து வேறொரு பரிமாணமும் தென்படுகின்றது. ஒலி எளிதிற் கிடைக்காத காலங்களில், கிடைத்ததைச் சேமித்து வைத்தல், பிறரோடு பகிர்தல், அதன் உண்மைக்குப் பொறுப்பேற்று எடுத்துரைத்தல் ஆகிய மூன்று பழக்கங்கள் மக்களிடையே வளர்ந்தன. வேகம் பெருகப் பெருக இப்பழக்கங்கள் அருகின. அதனால் நாம் இழந்தவை யாவை, மீட்கக்கூடியவை யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டுரையாளரின் ஊராகிய அக்குறணையே இவ்வாய்வுக்கு நிலைக்களனாகக் கொள்ளப்படுகின்றது.

2. அலைவழி வந்த குரல்

கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையில், கட்டுகஸ்தோட்டைக்கும் அலவத்துகொடைக்கும் இடையே, கண்டி நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ளது அக்குறணை. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் இவ்வூர் வணிகத்திற் பெயர் பெற்றது. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும்போதெல்லாம் கடைவீதி நீரில் மூழ்குவது ஊரவர்க்குப் பழகிப்போன துன்பம். சுற்றிலும் குன்றுகள். நேர்கோட்டிற் செல்லும் உயர் அதிர்வெண் அலைகள் இத்தகைய நிலத்தில் ஒரு வீட்டை எட்டும். அடுத்த வளைவிலுள்ள வீட்டை எட்டா. வானொலிக் காலத்துப் பண்பலையாயினும் இன்றைய கைத்தொலைபேசி அலையாயினும் இவ்வியல்பு ஒன்றே.

இலங்கையில் முறையான வானொலி ஒலிபரப்பு 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் திகதி கொழும்பில் ஆரம்பமாயிற்று. தந்தித் திணைக்களப் பொறியியலாளராகிய எட்வர்ட் ஹாப்பரின் முயற்சியே அதற்கு அடிப்படையாக அமைந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 இல், மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தன் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றியது. இன்று எமது பல்கலைக்கழகத்துக்கு அயலில் உள்ள அப்பூங்காவிலிருந்து ஒரு பெரும் போர் நெறிப்படுத்தப்பட்டது என்பது பலர் அறியாத செய்தியாகும். அக்கட்டளைப்பீடத்தின் படைவீரர்க்கென அமைந்த வானொலிக்காக ஏக்கலையில் நிறுவப்பெற்ற ஆற்றல் மிக்க சிற்றலை ஒலிபரப்பியே பின்னர் இலங்கை வானொலியின் உடைமையாகி, அதன் குரலைக் கடல் கடந்து கொண்டு சென்றது. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1967 இல் நிலையம் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. நாடு குடியரசான 1972 இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்ற பெயரைப் பெற்றது. எஸ். பி. மயில்வாகனன், பி. எச். அப்துல் ஹமீது முதலிய அறிவிப்பாளர்களின் குரல்கள் ஈழத்திலும் தமிழகத்திலும் வீட்டுக் குரல்களாகவே மதிக்கப்பட்டன.

வானொலிப் பெட்டி அரிதாயிருந்த நாட்களில் கேட்டல் ஒரு கூட்டுச் செயலாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது. பெட்டி உள்ள வீட்டின் முற்றத்திலோ தேநீர்க் கடையின் வாங்கிலோ ஊரவர் கூடிக் கேட்டனர். செய்தி முடிந்ததும் அதன் பொருள் குறித்து உரையாடல் எழும். விளங்காததை விளங்கியவர் எடுத்துச் சொல்வார். கேட்டலோடு ஆய்தலும் இணைந்திருந்தது எனலாம். ஆனால் வானொலிக்கு ஒரு பெருங் குறை இருந்தது: ஒலித்த கணத்திற் கேளாதவர்க்கு அது என்றென்றைக்கும் இல்லாததாயிற்று. மழையால் ஓசை சிதறினாலும், மின்சாரம் தடைப்பட்டாலும், இழந்தது இழந்ததே.

3. ஒலிநாடாவும் கைமாற்றும்

இக்குறையை நீக்கியது 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு ஒலிநாடாப் பேழை. அதாவது எம்மவர் 'கசெற்' என்று வழங்கியது. 1977 இன் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையாலும், வளைகுடா நாடுகளுக்குத் தொழிலுக்குச் சென்றோர் திரும்பும்போது கொண்டு வந்தமையாலும் ஒலிப்பதிவுக் கருவிகள் சாதாரண இல்லங்களையும் அடைந்தன.

ஒலிநாடா இப்பகுதி மக்கள் வாழ்வில் மூன்று வகையாகப் பயன்பட்டது. பாடல்களைக் கேட்பது முதலாவது. நாகூர் ஹனிபாவின் குரல் ஒலிக்காத முஸ்லிம் வீடு அக்காலத்தில் அரிது. பயான் எனப்படும் சமயச் சொற்பொழிவுகளைப் பதிவு செய்து கைமாற்றுவது இரண்டாவது. நேரிற் செல்ல இயலாத பெண்களும் முதியோரும் அவ்வாறே அவற்றைக் கேட்டனர். மூன்றாவது பயன்பாடே வரலாற்று மாணவரின் கவனத்தைப் பெரிதும் ஈர்ப்பது. எழுத்தறிவு குறைந்த பெற்றோரும் தொலைதூரத்தில் உழைத்த மக்களும் தம் குரலைப் பதிவு செய்து, ஊர் திரும்பும் ஒருவர் கையிற் கொடுத்தனுப்பினர். இவை ஒலிக்கடிதங்கள். அன்னத்தையும் தென்றலையும் தூதாக அனுப்பிய இலக்கிய மரபையுடைய நமக்கு, குரலையே தூதாக அனுப்பும் இவ்வழக்கம் அந்நியமானதன்று.

ஒரு மணித்தியால ஒலிநாடா வளைகுடாவிலிருந்து அக்குறணையை அடையச் சில வேளைகளில் இரண்டு மாதங்கள் சென்றன. தாமதம் மிகுந்த இணைப்பு என இதனைக் கூறுவதில் தவறில்லை. ஆயினும் வந்து சேர்ந்தபின் அது இல்லத்தின் உடைமையாயிற்று. மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டது, அயலவர்க்கும் கேட்பிக்கப்பட்டது, அலுமாரியில் வைத்துக் காக்கப்பட்டது.

4. கொத்மலைப் பரிசோதனை

இணையத்தின் ஈழத்து வரலாறும் இத்தகைய 'சேர்த்து வைத்து அனுப்பும்' முறையோடுதான் ஆரம்பமாகின்றது. 1990 ஆம் ஆண்டளவில் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவவின் முன்னின்ற உழைப்பால் 'லேர்ன்மெயில்' என்ற கல்விசார் மின்னஞ்சற் சேவை உருவாகியது. அக்காலத்தில் இடையறாத இணைப்பு என ஒன்று இருக்கவில்லை. நாள் முழுவதும் எழுதப்பட்ட மடல்கள் ஒரு கணினியில் திரட்டி வைக்கப்பட்டு, தொலைபேசி வழியே வெளிநாட்டுக் கணினியுடன் தொடர்பேற்படுத்தும் நேரத்தில் ஒருங்கே பரிமாறப்பட்டன. அஞ்சற்பை புகையிரதத்தில் ஏற்றப்படுவதற்கும் இதற்கும் கருத்தளவில் வேறுபாடு இல்லை. வர்த்தக ரீதியான இணைய சேவை 1995 இல் ஆரம்பித்தது. ஆனால் கணினியும் தொலைபேசி இணைப்பும் ஆங்கில அறிவும் ஒருங்கே வாய்த்த சிலரே அதன் பயனைத் துய்த்தனர்.

இந்நிலையில், கண்டிக்குத் தெற்கே நிகழ்ந்த ஒரு பரிசோதனை உலகின் கவனத்தை ஈர்த்தது. அதன் பின்னணியைச் சிறிது விளக்குதல் தகும். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்காக 1981 இல் மகாவலி சமுதாய வானொலி தொடங்கப்பெற்றது. யுனெஸ்கோவும் டென்மார்க்கும் அதற்கு உதவின. ஒலிபரப்பாளர்கள் கிராமங்களிற் சில நாட்கள் தங்கி, மக்களின் குரலையே பதிவு செய்து நிகழ்ச்சிகளாக்கினர். இம்மரபின் வழியாக 1989 இல் கொத்மலை சமுதாய வானொலி தோன்றியது. ஏறத்தாழ 20 கிலோமீற்றர் எல்லைக்குட்பட்ட கிராமங்களும் தோட்டங்களுமே அதன் ஒலிபரப்புப் பரப்பு.

1998 ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இந்நிலையத்துக்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. அதன் வேகம் செக்கனுக்கு 64 கிலோபிட் மாத்திரமே. அதாவது, இன்று நாம் மிகச் சாதாரணமானதெனக் கருதும் இசைப் பதிவொன்றை, அது ஒலிக்கும் வேகத்திற் கொண்டு வருவதற்குக்கூட அவ்விணைப்பு போதாது. ஒருவர் பயன்படுத்தினாலே தடுமாறும் அவ்விணைப்பை ஓராயிரம் கிராமத்தவர்க்குப் பகிர்வது எங்ஙனம்?

கொத்மலை நிலையத்தார் கண்ட தீர்வு எளிமையானது, அதனாலேயே சிறப்பானது. கேட்போர் தம் வினாக்களை அஞ்சல் மூலமும் தொலைபேசி மூலமும் அனுப்பினர். அறிவிப்பாளர் இணையத்தில் அதற்குரிய தகவலைத் தேடினார். மருத்துவம், விவசாயம், சட்டம் முதலிய துறைகளில் அறிவுடைய ஒருவர் உடனமர்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததை மக்கள் மொழியில் விளக்கினார். இவ்வுரையாடல் வானொலியில் ஒலித்தது. ஓர் இணைப்பின் பயன் ஆயிரம் செவிகளைச் சென்றடைந்தது. இம்முறை 'வானொலி உலாவல்' எனப் பெயர் பெற்றது. கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் மக்கள் நேரிற் சென்று பயன்படுத்தத்தக்க இணைய நிலையங்களும் அமைக்கப்பட்டன. அடிக்கடி வினவப்பட்ட பொருள்கள் பற்றிய தகவல்கள் தொகுக்கப்பட்டு, இணைப்பு இல்லாத வேளையிலும் பயன்படுமாறு கணினியிற் சேமித்து வைக்கப்பட்டன.

இப்பரிசோதனைக்குக் குறைகள் இல்லாமலில்லை. நிலையத்தின் முதன்மை மொழி சிங்களமாகவே இருந்தது. தோட்டங்களின் தமிழ்க் குரல் அங்கு போதிய இடம் பெற்றதெனக் கூறுவதற்கில்லை. அக்குறணையோ அதன் எல்லைக்கு வெளியே, மலைகளுக்கு அப்பால் இருந்தது. ஆயினும் இதிற் பொதிந்துள்ள கருத்து எல்லைகளைக் கடந்தது. மெதுவான இணைப்புக்கும் மக்களுக்கும் இடையில் ஒரு மனிதர் அமர்ந்திருந்தார். எதைக் கொண்டு வருவது எனத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அதன் பொருளை விளக்கியவரும் அவரே. பிழையாயின் மறுநாள் ஊரவர்க்கு முகங்கொடுக்க வேண்டியவரும் அவரே.

5. காத்திருப்பிற் பிறந்த கலை

இனி வலையொலியின் பிறப்பை நோக்குவோம். இது வேகம் மிகுந்த இணையத்தின் குழந்தையென்றே பலரும் எண்ணுகின்றனர். வரலாறோ இதற்கு மாறானது.

2000 ஆம் ஆண்டில் அடம் கரி என்னும் ஒலிபரப்பாளர், டேவ் வைனர் என்னும் மென்பொருளாளரிடம் ஒரு சிக்கலை முன்வைத்தார். அக்காலத்து இணைப்பு வீடுகளில் இடையறாது இருக்கத் தொடங்கியிருந்தபோதிலும், பெரிய ஒலி, ஒளிக் கோப்புகளை உடனுக்குடன் கொண்டு வரும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை. சொடுக்கிவிட்டு நீண்ட நேரம் காத்திருப்பதே விதியாயிற்று. பயனாளர் உறங்கும் வேளையிற் கணினி தானாகவே கோப்பை இறக்கி வைத்தால் என்ன? காலையில் அவர் பார்க்கும்போது அது ஆயத்தமாக இருக்குமல்லவா? காத்திருப்பு நீங்கவில்லை, ஆனால் காத்திருக்கும் துன்பம் நீங்கியது. இக்கருத்தை நிறைவேற்றும் வகையில், செய்தியோடைகளில் ஒலிக்கோப்பின் முகவரியை இணைத்து அனுப்பும் வசதியை வைனர் அமைத்தார். 2004 இல் பென் ஹமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் 'கார்டியன்' இதழில் எழுதிய கட்டுரையிலே 'பொட்காஸ்டிங்' என்ற சொல் தோன்றியது. 2005 இல் அப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்ஸ் மென்பொருளில் இதற்கு இடமளித்ததைத் தொடர்ந்து அது உலகெங்கும் பரவியது.

எனவே, வலையொலி என்பது மெதுவான இணைப்புக்கு மனிதர் கண்ட விடையாகும். அதன் உயிர் 'இறக்கி வைத்தல்' என்பதிலேயே உள்ளது. ஒலிநாடாவை அலுமாரியில் வைத்த பாட்டனாரும், வினாவிடைகளைக் கணினியிற் சேமித்த கொத்மலையாரும், கோப்பை இரவில் இறக்கி வைத்த அமெரிக்கரும் ஒரே தேவையின் வழிப்பட்டவர்களே.

உலகின் பிற பாகங்களிலும் இத்தகைய சான்றுகள் உள. கியூபாவில் இணையம் அரிதாயிருந்தமையால், வாரந்தோறும் ஒரு பெருந் தொகுதித் தரவை வன்தட்டிற் பதிந்து வீடு வீடாகக் கைமாற்றும் வழக்கம் தோன்றியது. தென்னாபிரிக்காவில் 2009 இல் ஒரு வேடிக்கையான போட்டி நடைபெற்றது. வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜிகாபைற் நினைவட்டையைக் கட்டி டர்பன் நகரை நோக்கிப் பறக்கவிட்டனர். அது ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்திற் சென்றடைந்தது. அதே தரவு இணைய வழியேயும் அனுப்பப்பட்டது. புறா கொண்டு வந்தது முழுவதும் கணினியில் ஏற்றப்பட்ட பின்னரும் அதில் மிகச் சிறு பகுதியே வந்து சேர்ந்திருந்தது. தூது இலக்கியம் பாடிய புலவர்கள் இதனைக் கேட்டிருப்பின் மகிழ்ந்திருப்பர்.

6. அக்குறணையில் ஒரு கோப்பு வந்து சேர்ந்த விதம்

பொதுவான வரலாற்றிலிருந்து எம்மூரின் அனுபவத்துக்கு வருவோம். 2006 இல் மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை இலங்கைக்கு வந்ததாயினும், பள்ளத்தாக்கின் எல்லா வீடுகளுக்கும் அதன் வேகம் எட்டவில்லை. கட்டுரையாளரின் பாடசாலைப் பருவத்தில், அதாவது 2015 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், எம் வீட்டின் மேல்மாடியில் ஒரு மூலையில் மாத்திரமே அலை தெளிவாகக் கிடைத்தது. நள்ளிரவுக்குப் பின்னர் பயன்படுத்தவென மேலதிக தரவளவு கிடைக்கும் திட்டமே எமக்குக் கட்டுப்படியாகியது. எனவே தொலைபேசியை அம்மூலை யன்னலில் வைத்து, தரவிறக்கத்தைத் தொடக்கிவிட்டு உறங்கச் செல்வோம். சுபஹ் பாங்கு ஒலிக்கும் வேளையில் எழுந்து பார்த்தால், நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இறங்கி, இணைப்பு அறுந்து கிடக்கும். மீண்டும் தொடக்கினால் சில தளங்களில் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இணைய நெறிமுறையில் 1997 இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அவ்வாறிருந்தும் அதனைத் தம் வழங்கியிற் செயற்படுத்தாதவர்களின் கவனக்குறைவு, எங்கோ ஒரு மலையடிவாரத்தில் ஒரு மாணவரின் இரவை வீணாக்கியது.

இங்கு ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் பயனுடைத்து. செக்கனுக்கு 128 கிலோபிட் தரத்தில் அமைந்த ஒரு மணித்தியால ஒலிப்பதிவின் அளவு ஏறத்தாழ 57.6 மெகாபைற். செக்கனுக்கு 40 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் அதனை இறக்க மூன்று மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். ஆனால் தனி மனிதரின் பேச்சுக்கு அத்துணைத் தரம் தேவையில்லை. தொலைபேசியில் நாம் கேட்கும் குரல் ஏறத்தாழ 300 முதல் 3400 வரையான அதிர்வெண்களுக்குள் அடங்கிவிடுகின்றது. அதில் எவரும் தாயின் குரலை அடையாளங் காணத் தவறுவதில்லை. அதே உரையை ஒற்றை ஒலித்தடத்தில் 32 கிலோபிட் தரத்திற் சுருக்கினால் அதன் அளவு 14.4 மெகாபைற் ஆகும். அதே மெதுவான இணைப்பில் 48 நிமிடத்தில் இறங்கிவிடும். அதாவது, கேட்கும் நேரத்திலும் குறைந்த நேரம். 2012 இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' என்னும் சுருக்க முறையில் இதனினும் குறைந்த அளவிலே பேச்சு தெளிவாக அமைகின்றது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மெதுவான இணைப்பு என்பது கேட்போரின் வறுமை மாத்திரமன்று; வெளியிடுவோரின் தெரிவும் அதிற் பங்கு வகிக்கின்றது. வேண்டாத இசையையும் படங்களையும் சேர்த்துக் கோப்பைப் பெருக்குபவர், தாம் அறியாமலே ஒரு கூட்டத்தாரை வாயிலுக்கு வெளியே நிறுத்துகின்றார். கோப்பைச் சிறிதாக்குபவர் கதவைத் திறக்கின்றார்.

இரவில் இறக்கிய கோப்பு எம்மிடத்தோடு நின்றுவிடவில்லை. கடைவீதியிலிருந்த 'கொமியூனிகேஷன்' ஒன்றில் நினைவட்டைக்கு நினைவட்டை பிரதி செய்து கொடுத்தனர். வகுப்பில் புளூடூத் வழியே பத்துப் பேருக்குச் சென்றது. 'இதை முழுதும் கேட்டாயா? நல்லதா?' என்று கேட்ட பின்னரே ஒருவர் தம் தொலைபேசியில் இடம் ஒதுக்குவார். கேட்டுப் பார்த்தவரின் சொல்லே அதற்குச் சான்றிதழ். கசெற் காலத்துக் கைமாற்றின் தொடர்ச்சியே இது.

7. வேகமும் நம்பிக்கையும்

இணைப்பின் வேகம் விரைவிற் பெருகியது. தரவிறக்கி வைப்பது தேவையற்றதாயிற்று. ஓடும் நீரிற் கை நனைப்பது போல் ஒலியும் ஒளியும் அந்தந்தக் கணத்திலேயே வந்து மறைந்தன. சேமித்தவர்களும் சான்று கூறியவர்களும் வேண்டப்படாதவர்களாயினர்.

இதன் ஆபத்தை எம்மூர் கசப்பான முறையில் உணர்ந்தது. 2018 மார்ச் மாதத்தில் திகன, அக்குறணை உட்பட கண்டி மாவட்டத்தின் பல இடங்களில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் இடம்பெற்றன. வெறுப்பையும் வதந்தியையும் சமூக ஊடகங்கள் பெரு வேகத்தில் பரப்பின. மார்ச் 7 ஆம் திகதி அரசாங்கம் அவற்றைத் தடை செய்தது. தடை ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்தது. இவ்வன்செயல்களில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. அந்நாட்களில் மாலை நேர ஊரடங்கின்போது, கதவைத் தாழிட்டு, எம் வீட்டார் மீண்டும் பழைய வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்தமை நினைவிருக்கின்றது. பொய் விரைந்து வந்தது. அதற்குப் பொறுப்பேற்க எவரும் இருக்கவில்லை. கொத்மலை அறிவிப்பாளரின் ஆசனம் வெறுமையாயிருந்ததன் விளைவே அது என்று கூறுவது மிகையாகாது.

இதற்கு மறுதலையான ஓர் அனுபவமும் உண்டு. 2020 மார்ச் மாத இறுதியில் கொவிட் தொற்றுக் காரணமாக அக்குறணை தனிமைப்படுத்தப்பட்டது. பாடசாலைகள் மூடப்பட்டிருந்தன. காணொளி வகுப்புகளுக்கு எம்மிற் பலரிடம் வேகமும் இல்லை, பணமும் இல்லை. அப்போது எமது ஆசிரியர் ஒருவர் பாடங்களைப் பத்து நிமிடக் குரற்பதிவுகளாகப் பேசி அனுப்பத் தொடங்கினார். ஒவ்வொன்றும் மிகச் சிறிய கோப்பு. அலை கிடைத்த கணத்தில் அவை வந்து சேர்ந்தன. அலை போன பின்னரும் எம்மோடு இருந்தன. அவர் தம் செயலுக்கு வலையொலி என்று பெயரிடவில்லை. ஆயினும் தெரிந்தெடுத்தல், சுருக்குதல், பொறுப்பேற்றல், சேமிக்கக் கொடுத்தல் ஆகிய நான்கும் அதில் அமைந்திருந்தன. உயர்தரப் பரீட்சைக்கு வரலாற்றைக் கட்டுரையாளர் கற்றது பெரிதும் அக்குரலின் வழியாகவே.

வேகத்தின் மீது பழி சுமத்துதல் இங்கு நோக்கமன்று. மெதுவான இணைப்பால் வாய்ப்பிழந்த மாணவர் எத்தனையோ பேர். மலையகத்துத் தோட்டங்களிலும் தொலைவான சிங்களக் கிராமங்களிலும் பெருந்தொற்றுக் காலத்தில் அலை தேடிக் குன்றேறிய பிள்ளைகளுக்கு, மெதுமையின் சிறப்பை எடுத்துரைப்பது கொடுமையாகும். அவர்க்கு வேண்டியது நல்ல இணைப்பே. அது அவர் உரிமை. இங்கு வலியுறுத்தப்படுவது, வேகம் வரும்போது பழைய நற்பழக்கங்களைக் கைவிட வேண்டியதில்லை என்பதேயாம்.

8. முடிவுரை

2017 ஏப்பிரல் 30 ஆம் திகதி, 1941 முதல் ஒலித்து வந்த பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நிறைவுற்றது. தலைமுறை தலைமுறையாக அதனைக் கேட்ட ஈழத்து முதியோர் பலர் இணையத்துக்கு மாறவில்லை. அவர்க்கு அக்குரல் அன்றோடு அடங்கியது. ஓர் ஊடகம் மாறும்போது அதனோடு ஒரு கேட்போர் கூட்டமும் கைவிடப்படலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கைவிடப்படுவது கேட்போர் மாத்திரமல்லர்; குரல்களுமேயாம். எம் பாட்டனாரின் தம்பி வளைகுடாவிலிருந்து அனுப்பிய ஒலிக்கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய எம் கடையின் பின்னறையில் இருந்தன. பிங்கா ஓயா பெருகிய ஒரு நாளில் அப்பெட்டி நீரில் மூழ்கியது. சேறு படிந்த நாடாக்களைத் தந்தையார் வெயிலில் உலர்த்தினார். பெரும்பாலானவை பயனற்றுப் போயின. மேல்மாடிக்கு எப்போதோ எடுத்துச் செல்லப்பட்டிருந்த ஒன்றே ஒன்று தப்பியது. சென்ற ஆண்டு அதனை எண்ணிமப் பதிவாக மாற்றினோம். ஒரு மணித்தியாலக் குரல், 14 மெகாபைற்றுக்குச் சற்று மேல். ஊரில் விலைவாசி, பிள்ளைகளின் படிப்பு, அங்குள்ள வெயில் என்று சாதாரண விடயங்களையே அவர் பேசுகின்றார். இடையில் ஓரிடத்தில், பாட்டனாரின் பெயரைச் சொல்லி அழைத்துவிட்டு, என்ன சொல்ல வந்தோம் என்பதை மறந்து சிரிக்கின்றார். பாட்டனார் அவ்விடத்தை மும்முறை கேட்டார்.

ஈழத்துத் தமிழ்ப் பேச்சு வழக்கின், வணிகத்தின், புலம்பெயர் உழைப்பின் வரலாற்றுக்கு இத்தகைய பதிவுகளைவிடச் சிறந்த மூலங்கள் இரா. அவை இன்று ஈரத்திலும் பூஞ்சணத்திலும் அழிந்து கொண்டிருக்கின்றன. 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் ஒலி ஆவணங்களையும் பேணி வருகின்றது. எனினும் ஒவ்வொரு வீட்டின் அலுமாரியையும் ஒரு நிறுவனம் திறந்து பார்த்தல் இயலாது. அப்பணி அவ்வவ்வூர் மாணவர்க்கே உரியது.

எனவே, எமது சங்கத்தின் முன் மூன்று பணிகளை வைக்க விரும்புகின்றேன். முதலாவது, சங்கத்தில் நிகழும் உரைகளைப் பதிவு செய்து, மிக மெதுவான இணைப்பிலும் இறங்கத்தக்க சிறு கோப்புகளாக வெளியிடுதல். இரண்டாவது, உரையாற்றியவர் யார், எப்போது, எங்கு என்ற விவரங்களையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் ஒவ்வொன்றோடும் இணைத்தல். அதன் உண்மைக்குச் சங்கம் பொறுப்பேற்றல். மூன்றாவது, விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள ஒலிநாடா ஒன்றையாவது மீட்டு வருதல்.

ஏட்டுக் கல்வியில் எம் முன்னோர் எமக்கு வைத்துச் சென்றவற்றைச் செல்லரிப்பிலிருந்து ஓரளவு காத்துள்ளோம். கேள்விச் செல்வத்தையும் அவ்வாறு காப்போமாக. அடுத்த மழைக்கு முன் அது நடைபெறுதல் வேண்டும்.